வீரையாவின் நாற்பத்தொரு இசைக்கோவைகள்

தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும் எங்கள் வாசிகசாலைத் தலைவர் இளையதம்பி ஐயா அவர்களே, அறுவடை அலுப்போடும் ஆசையாய் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே, முரசுமோட்டை மண்ணின் மக்களே, செயலாளர் யோகலிங்கத்தின் தலை தாழ்ந்த வணக்கம். தலை தாழ்ந்த என்று சொன்னது மேடை மரியாதைக்கு அல்ல. நிமிர்த்த முடியவில்லை.

இந்த மாலையில் யாருக்குப் பொன்னாடை போர்த்தக் கூடியிருக்கிறோம்? நோட்டீசில் 'ஆர்மோனிய வித்துவான் வீரையா' என்று அச்சடித்திருக்கிறோம். அது அரைவாசி உண்மைகூட இல்லை. மலைநாட்டில், துரைமார் கிளப்பில் தட்டுக் கழுவிய தகப்பனுக்குப் பிறந்து, துரைமார் தூங்கிய மத்தியானங்களில் அங்கிருந்த பியானோவைத் தொட்டுத் தொட்டுக் கற்றவர் அவர். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் பதினைந்து வருடம் ஜாஸ் வாசித்தவர். வாசித்தவர் மட்டுமா? பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் எவர் எப்போது ஊதவேண்டும், எவர் எப்போது ஓயவேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தவர். எழுபத்தேழில் தமிழருக்கெதிராய் வெடித்த கலவரம் அவரை அடித்து விரட்டியது. மனைவி அமராவதியோடும் உடுத்த உடுப்போடும் நம்மூர் ஓரத்தில் வந்து குடிசை போட்டார். பியானோவில் ஓடிய பத்து விரல்களுக்கும் நாம் என்ன கொடுத்தோம்? அரிவாள் கொடுத்தோம்.

பிறகு திருவிழாவுக்கு ஆர்மோனியம் வாசிக்கக் கூப்பிட்டோம். ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை இழுக்கவேண்டும், மற்றக் கைதான் வாசிக்கும். பத்து விரல் மனிதரை ஐந்து விரல் மனிதராக்கினோம். முறைப்பட்டாரா? இல்லை. கை வாசிக்க முடியாததையெல்லாம் தாளில் எழுதினார். நாதஸ்வரத்துக்கு ஒரு தாள், வயலினுக்கு ஒரு தாள், தவிலுக்கு ஒரு தாள். ஐந்து கோடும் புள்ளியுமாக மேல்நாட்டு முறையில் எழுதி, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் பாடிக் காட்டினார். எட்டு வருடத்தில் நாற்பத்தொரு இசைக்கோவைகள். மேடையேறியவை மூன்றோ நாலோ. மற்றவற்றுக்கு நாங்கள் நேரம் கொடுக்கவில்லை. சினிமாப் பாட்டுக்கு நேரம் இருந்தது.

குடிசை ஒழுகியதால் எழுதியதையெல்லாம் ஒரு தகர றங்குப்பெட்டியில் போட்டு வாசிகசாலைக்குக் கொண்டுவந்தார். "இது நனையாம இருந்தா போதுங்க" என்று என் கையில் தந்தார்.

பின்னுக்கு ஆரோ "பொன்னாடையைப் போர்த்துங்கோவன்" என்கிறியள். பொறுங்கோ தம்பி, நெருப்புக் கதை இன்னும் வரேல்லை.

போன வருடம் மாசியில் ஒரு காலை. ஆமியின் சுற்றிவளைப்பு வருகிறது, பரந்தனைத் தாண்டிவிட்டார்கள் என்று கதை பரவியது. சோதனையில் அகப்பட்டால் ஆபத்தென்று ஊரே எழுத்துள்ள தாள்களை எரித்தது. நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். கோடு, புள்ளி, கொக்கி. தலைவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. ரகசிய எழுத்தெண்டு பிடிச்சாங்களெண்டால் என்னத்தைச் சொல்லுறது?"

"பாட்டெண்டு சொல்லுவம், ஐயா."

"ஆர் நம்புவாங்கள்?"

கிணற்றடியில் வைத்துக் கொளுத்தினேன். தலைவர் ஐயா கோபிக்கவேண்டாம், தீக்குச்சியைக் கிழித்தவன் நான்தான். வந்தவர்கள் பெரிய ரோட்டாலேயே முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டார்கள். வாசிகசாலைப் படலையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மத்தியானம் வயலிலிருந்து வீரையா அண்ணை வந்தார். சாம்பலைப் பார்த்தார். "எல்லாமேங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். பக்கத்தில் நின்ற அமராவதி அக்காதான் பேசினார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா தூக்கிக்கிட்டு ஓடியிருப்போமே. ஓடுறது எங்களுக்குப் பழக்கந்தானே." அன்றைக்குப் பிறகு வீரையா அண்ணை ஆர்மோனியத்தைத் தொடவில்லை.

சபையோரே, கொழும்பில் அவரை அடித்தவன் முகம் தெரியாதவன். இங்கே எரித்தவன் நாள்தோறும் அவருக்கு வணக்கம் சொன்னவன். அங்கே வெறியில் அழித்தார்கள், இங்கே பயத்தில் அழித்தோம். இழந்த மனிதருக்கு இரண்டில் எது ஆறுதல்? ஒரு முழப் பட்டுத்துணியில் எட்டு வருடத்தைப் போர்த்தி மூடலாமா?

நேற்று ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு அவர் குடிசைக்குப் போனேன். "ஞாபகத்தில இருக்கிறதையாவது திரும்ப எழுதுங்கோ அண்ணை, நான் பாதுகாக்கிறன்" என்றேன். அவர் தாளைத் தொடவில்லை.

"எழுதிடலாங்க. நாளைக்கு மறுபடி சுத்தி வளைச்சா என்ன செய்வீங்க?"

எரிக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. இந்த மேடையில் நிற்கும்போதும் வரவில்லை. பொன்னாடை அதோ தட்டில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லக்கூடியவர் உங்களில் ஒருவர் இருந்தால் எழுந்து வந்து போர்த்துங்கள். நான் போர்த்தமாட்டேன்.

கசந்தாலும் காதுகொடுத்த உங்களுக்கு நன்றி. எங்களோடு ஒரே மேடையில் உட்காரச் சம்மதித்த வீரையா அண்ணைக்கும் அமராவதி அக்காவுக்கும் என் வணக்கம்.