கழட்டி வெச்ச ஜம்பர்

— இல்ல பாய், பச்சை லைட்ட நம்பாதீங்க. மொதல்ல தொட்டிக்குள்ள யாரும் இறங்கலைன்னு சொல்லுங்க.

— இன்னாம்மா எப்சி, நேத்து நீதானே வந்து பொட்டிய செவுத்துல மாட்டுன? கேஸ் வந்தா கத்தும், கத்தலைன்னா இறங்கலாம்னு இந்த வாஹித் பாஷா கிட்டதானே சொன்ன?

— சொன்னேன். இப்ப கேஸ் வந்தாலும் அது கத்தாது. யாரு உள்ள?

— முனிரத்தினம் இப்பதான் ஏணில கால வெச்சான். மூணு மாசத்து தோல் கழிவு கெடக்குது, பதினோரு மணிக்குள்ள வாரி முடின்னு மேனேஜர் உயிர எடுக்கறாரு.

— மேல கூப்பிடுங்க பாய். கைய புடிச்சு ஏத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்.

— டேய் முனிரத்தினம், மேல வாடா. வான்னா வா, காரணம் அப்புறம் கேளு... வந்துட்டான்மா. திட்டிக்குனே வர்றான்.

— ஸ்தோத்திரம். அவர மறுபடி இறங்க விடாதீங்க பாய்.

— பேஜார் பண்ணாத, இன்னா ஆச்சு சொல்லு.

— பஸ்ல சில்லறை தேடுனேன், ஹேண்ட்பேக்ல உங்க பொட்டியோட ஜம்பர் தட்டுப்பட்டுச்சு. கறுப்பா, சுண்டு வெரல் நகத்துல பாதி இருக்கும். பொட்டிக்குள்ள இருக்கற போர்டுல ரெண்டு ஊசி நிக்கும், அது மேல தொப்பியாட்டம் மாட்டணும்.

— இத்துனூண்டு தொப்பிக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?

— அது இல்லைன்னா போர்டுக்கு கரண்டே போகாது. ஒரு மாசமா லேப்ல டீபக்கர்னு தப்பு கண்டுபிடிக்கற கேபிள சொருகி, அது வழியாவே லேப்டாப்புலேர்ந்து கரண்ட் குடுத்துதான் ப்ரோக்ராம் பாத்தேன். அப்ப அடாப்டர் கரண்டும் வந்தா ரெண்டும் மோதி சிப்பு போய்டும். அதுக்காக ஜம்பர புடுங்கி வெச்சேன். நேத்து அங்க வந்து கேபிள கழட்டினவ, ஜம்பர திருப்பி மாட்டல.

— அப்ப பச்சை எப்படி எரியுது?

— அது அடாப்டர்லேர்ந்து நேரா வர்ற லைட்டு. போர்டு செத்துக் கெடந்தாலும் எரியும்.

— மாட்டிட்டு ஒரு வாட்டி பாக்க மாட்டியா? பக்கத்து டேனரில போன வருஷம் ரெண்டு பேர் உள்ளயே போய்ட்டாங்கன்னுதானே இந்த பொட்டியே கேட்டோம்.

— கேபிளோட பாத்தேன், நல்லா கத்துச்சு. கழட்டினப்புறம் பாக்கல. மாதனூர் கம்பெனி பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்குனு நின்னுச்சு. அத விட்டா வேலூர் போக லேட்டாகும்னு பச்சைய பாத்து மூடிய மூடிட்டேன். என் தப்புதான் பாய். அவருக்கு ஒண்ணு ஆயிருந்தா அவர் வீட்ல நான் எந்த மூஞ்சோட நிப்பேன்?

— ஒண்ணும் ஆகல, விடு. கேட்டாண்ட டீ குடிக்க போய்ட்டான்.

— நான் அடுத்த பஸ்ல வர்றேன். ஒரு மணி நேரம் ஆகும். மேனேஜர் கிட்ட நானே சொல்லிக்கறேன்.

— ஒரு மணி நேரமா? அவரு என் தோல உரிச்சு ட்ரம்ல போட்டுடுவாரு. நீ பேசிக்குனு இருந்தப்பவே பொட்டிய தொறந்துட்டேன். ரெண்டு ஊசியும் மொட்டையா நிக்குது. கம்பி சுத்தினா போதுமில்ல?

— போதும். ஆனா நீங்க பண்ண வேணாம். பொட்டி தொட்டி வாயாண்டயே இருக்குது, தள்ளி வாங்க.

— சுத்திட்டேன். நீ ஏம்மா பயப்படற? காலைல தொட்டி மூடிய தொறந்தப்ப அழுகின முட்டை நாத்தம், கொடல புடுங்குச்சு. கால் மணியா இங்கயேதான் நிக்கறேன், இப்ப துளி நாத்தம் இல்ல. எல்லாம் காத்துல போய்டுச்சு.

— பாய், நான் சொல்றத...

— இரு இரு, கத்துது. கேக்குதா? நிறுத்தாம கத்துது. உன் பொட்டி கெட்டுப்போச்சு போல. நாத்தமே இல்லாத எடத்துல இன்னாத்துக்கு கத்தணும்?

— பொட்டி கெடல பாய். அந்த கேஸ் ஜாஸ்தியானா மொதல்ல சாகறது மூக்குதான். போன அங்கயே போட்டுட்டு ஓடுங்க.