கொய்யா மரத்துப் பெரிய வெள்ளை

...கெட்டுப்போன பூச்சிய என் தலையில கட்டிட்டியே சார். அஸ்தினாபுரத்துலேர்ந்து உன் பூச்சி ஆபீசுக்கு பஸ் புடிச்சி வந்துகீறேன். எங்க எழுந்துக்கற? ஒக்காரு, கேளு.

எங்கூட்டு கொய்யா மரம் பூரா மாவுப்பூச்சி. சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது. மருந்து அடிக்காதம்மா, பொறிவண்டு வுடு, அது மாவுப்பூச்சிய துன்னுரும்னு நீதானே டப்பா குடுத்த? வுட்டேன். இன்னா ஆச்சி? கொஞ்ச நாள்ல வண்டையே காணோம். மாவுப்பூச்சிதான் பெருசாயிடிச்சி. வெள்ளை வெள்ளையா, கொழுகொழுன்னு... ஓட வேற ஓடுது சார்.

பக்கத்தூட்டு செல்வமேரி மல்லிச்செடிக்கு மருந்து அடிப்பா. அது காத்துல வந்துதான் என் வண்டு செத்துப்போச்சின்னு செவுத்தாண்ட நின்னு நல்லா குடுத்தேன். "அக்கா, மாவுப்பூச்சி எங்கனா ஓடுமா? இது வேற இன்னாமோ"ன்னா. பேச்சை மாத்தாதடீன்னேன். அதோட பேச்சு வார்த்தை கட். நாளைக்கு அவ பொண்ணுக்கு சர்ச்சில கல்யாணம். தெரு பூரா பத்திரிகை வச்சா, என் வூட்டு கேட்டை மட்டும் தாண்டிப் போய்ட்டா. அந்தப் பொண்ணு என் மடியில வளந்தது சார். வவுறு எரியாதா?

அப்பால நான் உன் ஆபீசுக்கு காயின் போன் போட்டேன், நீ லீவுன்னாங்க. உன் ஆளுங்ககிட்டயே வேற டப்பா வாங்கினேன். கண்ணாடி றெக்கை பூச்சியோட குட்டிங்களாம், அதுவும் மாவுப்பூச்சிய துன்னுமாம். துளியூண்டு, வாயில கொடுக்கு வச்சிகினு. அது சூப்பர் சார். அந்தப் பெரிய வெள்ளைங்களத்தான் மொதல்ல புடிச்சி உறிஞ்சிச்சி. நான் கைதட்டினேன். ஆனா சின்ன மாவுப்பூச்சி மறுபடி மரம் பூரா ஏறிடிச்சே...

இன்னா சிரிக்கிற? இன்னா பாட்டில் அது? ஆங்... இதான் சார், இதேதான் அந்தப் பெரிய வெள்ளை. இத எதுக்கு நீ வளக்கற?

இன்னாது? பொறிவண்டு முட்டை வுட்டுட்டுப் போச்சா, இது அதோட குட்டியா? மாவுப்பூச்சி வேஷம் போட்டுகினு மாவுப்பூச்சியவே துன்னுமா?

அடப்பாவி, மொதல்லயே சொல்லக்கூடாதா... சொன்னியா? ஆமா, நான் எங்க உன்ன பேச வுட்டேன்.

அப்போ காவலுக்கு வந்தத துன்ன ஆள் வச்சது நானு. செல்வமேரி மேல ஒரு தப்பும் இல்ல.

புது டப்பாலாம் வாணாம், மரம் கெடக்கட்டும். அஸ்தினாபுரம் பஸ் இப்ப இருக்குமா சார்? பத்திரிகையும் வாணாம், ஒண்ணும் வாணாம். இன்னேரம் அவ வூட்ல பந்தல் போட்டுகினு இருப்பாங்க, வெங்காயம் உரிக்க ஆள் வேணும். அவ மூஞ்சிய திருப்பிக்கினாலும் ஒக்காந்து உரிப்பேன். கண்ணுல தண்ணி வந்தா ஏன்னு எவளும் கேக்கமாட்டா.