மூன்றாவது துளை

அது நல்ல வண்டி, சார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் எல்லோரும் அதை ஏதோ ஓட்டை டப்பா போலப் பேசுகிறீர்கள். குடும்பமே ஏறலாம், பின்னால் கூரை வரை சாமான் அடுக்கலாம், அதற்கு மேல் பந்தய வண்டிக்கு உண்டான எஞ்சின். ஸ்டேஷன் வேகனில் அப்படி ஒன்று அமைவது அபூர்வம்.

நேற்று நீங்கள் என்மேல் இரக்கப்பட்டு, "பட்டறையில ஏதோ கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சிடலாம், வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் வேலையைக் கவனக்குறைவு என்று யாரும் சொன்னதில்லை. அதைத் திருத்தத்தான் நானாகவே வந்திருக்கிறேன்.

என் தொழில் வண்டியின் அடிப்பாகம். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரங்களின் கோணம், இவைதான். திருப்பத்தில் அலைகிற வண்டிகளை என்னிடம் கொண்டுவருவார்கள். எடுத்தவுடன் நான் ஸ்பானரைத் தொட மாட்டேன். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சாலையைப் பார்க்க மாட்டேன், அவர் காலைப் பார்ப்பேன். பயம் வந்தால் ஒவ்வொருவர் காலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். அந்தக் காலுக்குத் தகுந்தபடிதான் வண்டியை அமைத்துக் கொடுப்பேன்.

இந்த வண்டி என் தங்கையின் கணவருடையது. மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொன்னால் என் வாய் கூசும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அவளை எப்போதும் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். அவள் சிறுமியாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் நான்தான். கட்டிக்கொடுத்ததும் பக்கத்துத் தெருவில்தான். தினமும் சாயங்காலம் வந்து எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள். எனக்கு அது போதும்.

பிறகு மாப்பிள்ளைக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. வாயெல்லாம் பல்லாகப் பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், திருப்பத்துல வண்டி ரொம்ப சாயுது. சாமானையும் ஏத்திக்கிட்டு மலை ரோட்டுல போகணும். உங்க கையால ஏதாவது பண்ணிக் குடுங்களேன்."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திருப்பத்துக்குள் சூரப்புலியாகப் பாய்வார். பாதியில் பயம் வந்துவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்துவிடுவார். ஒரு திருப்பத்தில்கூட அது தவறவில்லை.

பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற தடித்த கம்பி ஒன்று உண்டு. திருப்பத்தில் வண்டியைச் சாயவிடாமல் பிடிப்பது அதுதான். நான் போட்ட புதுக் கம்பியின் நுனியில் மூன்று துளைகள். முதல் துளையில் மாட்டினால் பிடி கொஞ்சம் இளக்கமாக இருக்கும். மூன்றாவதில் மாட்டினால் நல்ல இறுக்கம். ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பும், ஓட்ட அவ்வளவு சுகம். ஆனால் பாதித் திருப்பத்தில் காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றிவிடும். சாலையில் ஈரமும் பின்னால் சுமையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். காலை வெடுக்கென்று எடுப்பவர்களுக்கு நான் முதல் துளையைத் தாண்டியதே இல்லை.

மாப்பிள்ளைக்கு மூன்றாவதில் மாட்டினேன்.

வழுக்கினால் தானாகவே பிடித்து நேராக்குகிற கருவி ஒன்றும் அந்த வண்டியில் இருந்தது. அதை அணைக்கிற பொத்தானைக் காட்டினேன். "இது ஆன்ல இருந்தா நான் செஞ்ச வேலையே உங்களுக்குத் தெரியாது, மாப்பிள்ளை" என்றேன். ஊருக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நினைச்சாலே திரும்புது, மச்சான்" என்றார். காய்ந்த சாலையில், மெதுவாகப் போகும்வரை, அது உண்மைதான்.

எல்லாம் தங்கைக்காகத்தான், சார். அப்படி ஓட்டுகிற ஆளுக்குப் பக்கத்தில் அவள் ஆயுசு முழுக்க உட்கார்ந்து போக வேண்டுமா? என்றைக்காவது நடக்கப்போவது, அவள் பக்கத்தில் இல்லாதபோது நடந்து முடிந்தால் நல்லது என்று நினைத்தேன். மாப்பிள்ளை சாமானோடு முன்னால் போவது, அவள் பிறகு ரயிலில் போவது என்றுதான் பேச்சு. கண்ணும் கருத்துமாக யோசித்துத்தான் செய்தேன்.

கிளம்புகிற அன்று காலை டயருக்குக் காற்றுப் பார்க்க வந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. பின்னால் கூரை வரை சாமான். முன் சீட்டில் என் தங்கை.

"அண்ணே, நானும் இவரோடயே போறேன். பேசிக்கிட்டே போயிடலாம்ல."

கம்பியை முதல் துளைக்கு மாற்ற ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஸ்பானர் என் கையில்தான் இருந்தது. நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். என்னை விட்டுவிட்டுப் போகிறோமே என்பது அந்த முகத்தில் எங்கேயும் இல்லை.

"வண்டி எல்லாம் சரியா இருக்குல்ல, அண்ணே?"

"இருக்கும்மா. சீட் பெல்ட் போட்டுக்கோ."

அக்கறை இல்லாதவன் அதைச் சொல்வானா, நீங்களே சொல்லுங்கள்.

மலை ரோட்டுத் திருப்பம் ஒன்றில் வண்டி சுற்றிவிட்டது. மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். அவள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இப்போது என் வீட்டில், கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அதே அறையில் இருக்கிறாள். தலை பின்னிவிடுகிறேன். "கை நல்லாத்தான் இருக்கு, நானே சாப்பிடறேன்" என்கிறாள். நான் ஊட்டித்தான் விடுகிறேன். முந்தாநாள் என்னைப் பார்த்து, "அண்ணே, வண்டியில ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எதுவும் உடையவில்லை, எதுவும் கழன்று விழவில்லை. நான் எப்படி அமைத்தேனோ அப்படியேதான் ஓடியிருக்கிறது.

அதனால் கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். அந்தக் கால் என்ன செய்யும் என்று தெரிந்து, மூன்றாவது துளையில் மாட்டினேன். அவள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகும் மாற்றவில்லை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. சாயங்காலம் அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். டீ வேறு போட்டுக் கொடுக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சார்?