வற்றிய மாதத்தில் அளந்த ரோடு

ரோட்டுக்கும் ரயிலுக்கும் நடுவே ஓடுகிற வாய்க்காலுக்குப் பாலம் போடாமல் விட்டார்கள். அதனால் என் மகள் யூனிஸ் செத்தாள். வணக்கத்துக்கு முன்பே வழக்கைச் சொல்லிவிட்டேன். இனி வணக்கம்.

அவையை நடத்தும் தில்லைநாயகம் பிள்ளை அவர்களே! வேலையை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே! வண்டிப்பேட்டை அகமது மீரான் அண்ணாச்சி! பிள்ளையை இடுப்பிலும் குறையை நெஞ்சிலும் சுமந்து நிற்கும் தாய்மார்களே!

ஆற்றுப் பாலத்தடியிலிருந்து நம் ஊர் அரசடிப்பத்து வரை நேற்று வயல். இன்று வீடு, ஆலை, பள்ளிக்கூடம். ரோடு கேட்டோம், நகரசபை போட்டது. ரயில் கேட்டோம், கம்பெனி விட்டது. ரோடு வாய்க்காலின் இக்கரையில் முடிகிறது. ஸ்டேஷன் அக்கரையில் நிற்கிறது. நடுவே உள்ளது யாருடையது? தண்ணீர் இலாகாவுடையது என்கிறது சபை. வயலுக்கு நீர் விடுவதே எங்கள் வேலை, வண்டி விடுவதல்ல என்கிறது இலாகா. டிக்கெட் வாங்கிய பிறகே எங்கள் பிரயாணி என்கிறது கம்பெனி. ஆளுக்கொரு அதிகாரம்! ஆனால் அந்த அறுபதடி அகலத்துக்கு ஆள் உண்டா?

மூவரும் எப்போது வந்து அளந்தார்கள்? மடை அடைத்து, மண் வாரும் சித்திரையில்! வாய்க்கால் வறண்டு கிடந்தது. வண்டி இறங்கி ஏறியது. "ஐயா, கார்த்திகையில் வந்து பாருங்கள்" என்றேன். "இது வெறும் பள்ளம்தானே, பெரியவரே" என்று சிரித்தார் ரோடு அளந்த துரை.

ஏன் சிரிக்க மாட்டார்? அவர் வண்டி குலுங்கக் கூடாதென்று கரையை வெட்டிச் சரித்தவர்கள் நீங்கள். வைக்கோல் பரப்பியவர்கள் நீங்கள்! என்ன அங்கே முணுமுணுப்பு? "மரியாதைக்குச் செஞ்சோம்வே" என்கிறீரா? அந்த மரியாதைதான் வரைபடத்தில் வாய்க்காலை மறைத்தது.

கார்த்திகை வந்தது. யூனிஸுக்கு வலி எடுத்து, பிள்ளை குறுக்கே நின்றது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றப் புறப்பட்டோம். கரைக்கு வந்ததும் வண்டிக்காரன் சுடலையாண்டி காளையைப் பிடித்து நிறுத்தினான்.

"இறக்குலே!" என்றேன்.

"அண்ணாச்சி, கழுத்தளவு போவுது. மாடு முங்கிரும். தாயும் பிள்ளையும் உள்ள இருக்காவ!"

"கட்டில்ல வச்சுத் தூக்குங்கலே!" என்றேன்.

"பைய, பைய! இழுக்குது வே!"

கூட வந்த நாலு பேர் கட்டிலோடு அவளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நடு வாய்க்காலில் நிற்கையில் ரயில் ஊதியது. யூனிஸ், "அப்பா, போயிட்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். போய்விட்டது. அக்கரையில் கட்டிலை இறக்கியபோது அவளும் போயிருந்தாள், பிள்ளையோடு.

அழாதீர்கள் தாய்மார்களே. அழுகை பாலம் கட்டாது.

சபையார் ரோட்டைக் கரையோடு நிறுத்தாமல் ஸ்டேஷன் வாசல்வரை கொண்டுபோக வேண்டும். இலாகாவார் பாலத்துக்கு இடம் குறிக்க வேண்டும். பாலம் முடியும்வரை கம்பெனியார் அங்கே தோணியும் ஆளும் வைக்க வேண்டும். மூவரும் தனித்தனியே வரக் கூடாது. தண்ணீர் நிறைந்தோடும் கார்த்திகையில், ஒரே நாளில், ஒரே கரையில் வந்து நிற்க வேண்டும். அவர்களை இந்த அவைத் தலைவர் அழைக்க வேண்டும்.

நீங்கள்? கரையைச் சரிக்காதீர்கள். வைக்கோல் பரப்பாதீர்கள். அவர்களைச் சுமக்கத் தோள் கொடுக்காதீர்கள். துரைமார் கால் நனையட்டும்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வந்து நனையப் போகிறவர்களுக்கும் சேர்த்து, வணக்கம்.