மெட்ராசிலிருந்து ஒரு மணி நேரம்

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் ஓசூர் வண்டிக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால், சட்டைக் கையில் கறுப்புத் துணி குத்தியிருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"மெட்ராஸ்ல இருந்து பெங்களூருக்கு ஏரோப்ளேன்ல ஒரு மணி நேரந்தானாம். அதனாலதான் எங்கண்ணன் கடைசியா அம்மா மூஞ்சியப் பாக்கல."

"என்னங்க சொல்றீங்க?"

"காலைலயே தந்தி கிடைச்சிருக்குது. அப்பவே பஸ் ஏறியிருந்தா சாயந்தரம் இங்க இறங்கியிருப்பான். தொரை மறுநாள் ப்ளேனுக்கு டிக்கெட் எடுத்தாரு. நம்மூரத் தாண்டிப் பெங்களூர் போயி, அங்கிருந்து பஸ் புடிச்சுத் திரும்பி வந்தாரு."

"அதுவரைக்கும் வச்சிருக்கக் கூடாதா?"

"ஒரு ராத்திரி வச்சிருந்தோம். அதுக்கு மேல உடம்பு தாங்கல. மத்தியானம் சர்ச் சாமியாரை வரச்சொல்லி கல்லறைக்கு எடுத்துட்டோம். குழியில மண்ணு போடறப்ப மேல ப்ளேன் சத்தம் கேட்டுச்சு. எங்கப்பா கையில மண்ணோட அண்ணாந்து பாத்து, 'பெரியவன் வந்துட்டான், கொஞ்சம் நில்லுங்க'ன்னாரு."

ஓசூர் வண்டி வந்து நின்றது. வரிசை நகர்ந்தது.

"வந்து என்ன சொன்னாரு உங்கண்ணன்?"

"ப்ளேன் கரெக்டா வந்துச்சு, பஸ்ஸுதான் லேட்டுன்னான்."