நாலு மூலை

— ஜோஸியோட போஸ்டருக்குச் சைபர் போடு, ரோரி.

— சைபரா? விளையாடாதீங்க டெனிஸ். இருபதுக்குப் பதினெட்டு போட்டு வச்சிருக்கேன்.

— அடிச்சிட்டு எழுது.

— காரணம் எழுதணுமே. தேர்வு வாரியத்துக்கு என்னன்னு அனுப்புறது? துறைத் தலைவி உங்களுக்குக் காலைல டீ சரியில்லன்னா?

— போஸ்டர்ல இருக்குற படம் எல்லாம் மாணவர் சொந்தமா எடுத்ததா இருக்கணும். நடுவுல இருக்குற ஜெராக்ஸ் தாள் ஜோஸி எடுத்ததில்ல. முப்பது வருஷப் பழசு. விதி விதிதான்.

— அது அவங்க வீட்டுப் பரண்ல கிடைச்சது. அவ எடுத்த குறும்படமே அந்தத் தாளைப் பத்தினதுதானே. மதிப்பீட்டுக் கட்டுரைல பக்கம் பக்கமா எழுதியிருக்கா. படிச்சீங்களா இல்லையா?

— படிச்சேன்.

— ஸ்கூல் சுற்றுலா போறப்போ பஸ்ஸுல ஒரு பொண்ணு வாயைத் திறந்துட்டுத் தூங்குறா. அதை யாரோ போட்டோ எடுத்து, கீழே "இன்னைக்கு வந்த மீன்"னு எழுதி, ஊரெல்லாம் ஒட்டிடுறாங்க. அவங்க அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்துல வேலை, அதுக்காக. ஜோஸியோட அம்மாவுக்கு நடந்தது இது. அம்பது தாளாம், பாவம்.

— நாப்பத்தொண்ணு.

— என்னது?

— ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

— அந்த முகத்து மேலயே படத்தோட பேரை அடிச்சிருக்கா பாருங்க. "கவுச்சி". முகம் தெரியல, பேருதான் தெரியுது. சத்தியமா சொல்றேன், எனக்குப் பதினெட்டு வயசுல இப்படி ஒண்ணு தோணியிருந்தா இந்நேரம் இங்க உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு இருக்க மாட்டேன்.

— படமும் சுமார்தான்.

— இந்த வருஷம் வந்த பன்னிரண்டுல உருப்படி இது ஒண்ணுதான். மிச்சம் பதினொண்ணுலயும் முகமூடி போட்டவன் கல்லறையில துரத்துறான்.

— முடிவு பொய்.

— அதை அவளே எழுதியிருக்காளே. அஞ்சு பேருக்குப் போட்டுக் காட்டினாளாம், கடைசியில அந்தப் பொண்ணு ஒட்டினவங்களை மன்னிக்கிறதை நாலு பேர் நம்பலயாம். வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க.

— படத்துல அப்பா வேலை முடிஞ்சு வந்து, கவுச்சி போக எலுமிச்சம்பழத்தைக் கையில தேய்ச்சுக் கழுவுறாரே. அந்தக் காட்சி எங்கேர்ந்து வந்தது?

— அவங்க தாத்தா அப்படித்தான் கழுவுவாராம். அம்மா சொல்லியிருக்காங்க. எனக்கு அந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு.

— கெயிலோட அப்பா கார் விக்கிற கடை வச்சிருந்தாரு.

— கெயிலா? ஜோஸி அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?

— ஒரே வகுப்பு.

— டெனிஸ்.

— என்ன?

— சைபர் போட்டா ஷெஃபீல்டு யுனிவர்சிட்டில அவளுக்குக் கிடைச்சிருக்குற இடம் போயிடும். தெரியும்ல?

— தெரியும்.

— ஒரே வகுப்புங்கிறீங்க. எத்தனை தாள்னு கணக்கா சொல்றீங்க. இந்தப் போஸ்டர் பிழைக்கக் கூடாதுன்னு காலைலேர்ந்து ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க. நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தத் தாளை ஒட்டினது நீங்களா?

— நீ என்ன நினைக்கிறே?

— நினைக்கவே பிடிக்கல. ஆனா நீங்களா இருந்தா நான் பிரின்சிபால்கிட்ட போவேன்.

— போ. அதுக்கு முன்னாடி போஸ்டரைத் திரையில பெருசு பண்ணு.

— பண்ணிட்டேன்.

— பசங்களுக்கு என்ன சொல்லித் தருவே நீ? நடுவுல பார்க்காதே, ஓரத்தைப் பாருன்னுதானே? அந்தத் தாளோட மூலையைப் பாரு.

— ஒண்ணுமில்லையே. சுத்தமா இருக்கு.

— நாலுமா?

— நாலும்தான். கிழிசல் இல்ல, டேப் கறை இல்ல.

— சுவத்துல ஒட்டினதைப் பிச்சு எடுத்தா மூலை எப்படி இருக்கும்?

— கிழிஞ்சிருக்கும்.

— அது சுவத்தையே பார்க்காத தாள், ரோரி. ஒட்டாம மிஞ்சின தாள் ஒட்டினவ வீட்டுலதான் இருக்கும்.

— அப்போ கெயில்தானா...

— அவங்க அப்பாவோட கார் கடையில ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. அந்தக் காலத்து க்ரிம்ஸ்பி ஊர்ல வேற எந்தப் பிள்ளைக்கு அது கிடைக்கும்?

— அப்போ இதுல தூங்குற பொண்ணு யாரு?

— என் பையில ஒரு பழுப்பு உறை இருக்கு. மெதுவா எடு. மடிப்புல பிரிஞ்சிடும்.

— அதே தாள். மூலையெல்லாம் போயிருக்கு. டேப் மஞ்சளாயிடுச்சு. முகம் கூட... டெனிஸ். இந்த முன்பல் சந்து உங்களுக்கு இருக்குறது.

— எனக்குத் தூக்கத்துல வாயை மூடத் தெரியாது. இப்பவும்தான். அன்னைக்குப் பக்கத்து சீட்டுல கெயில். எங்க வீட்டு அடுப்படியில அப்பா எலுமிச்சை தேய்ச்சா, பாதியை அவளும் வாங்கித் தேய்ச்சுப்பா. அவ்வளவு சிநேகம்.

— நாப்பத்தொண்ணும் நீங்களே பிச்சு எடுத்தீங்களா?

— நாப்பது நான். மீன்பிடித் துறைமுக வாசல்லயும் ஒண்ணு ஒட்டியிருந்தா. அதை அப்பா பிச்சுக் கொண்டு வந்து மேசை மேல வச்சாரு. கை கழுவப் போயிட்டாரு. நீ கையில வச்சிருக்கியே, அதான்.

— இத்தனை வருஷமா பத்திரமா வச்சிருக்கீங்க.

— ஒட்டினதைக் கூட விட்டிருப்பேன். இப்போ அவமானப்பட்டதும் அவதான்னு ஆயிடுச்சு. எங்க அப்பாவையும் எடுத்துக்கிட்டா.

— ஜோஸிக்கு டீச்சர் நீங்கதான்னு கெயிலுக்குத் தெரியுமா?

— கல்யாணத்துல என் பேரு மாறிடுச்சு. பெற்றோர் கூட்டத்துக்கு அவ புருஷன்தான் வருவான்.

— ஆனா டெனிஸ், ஜோஸிக்கு இது எதுவும் தெரியாது. அம்மா சொன்னதை நம்பி எடுத்திருக்கா.

— அதான் என் கையால அந்தச் சைபரைப் போட முடியல. உன்னைப் போடச் சொன்னேன்.

— நான் போட மாட்டேன்.

— சரி. பதினெட்டே இருக்கட்டும். நீயே கையெழுத்துப் போட்டு இன்னைக்கே அனுப்பிடு. எனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும், அதனால நான் மார்க் போடலன்னு எழுது.

— விதி?

— வீட்டுல கிடைச்ச தாள்னு மறைக்காம எழுதியிருக்கா. அதையே நீயும் எழுது. வாரியம் குறைச்சா குறைக்கட்டும், நான் குறைக்கல.

— அப்பாடா. ஒரு பிஸ்கட் எடுத்துக்கோங்க.

— வியாழக்கிழமை திரையிடலுக்குக் கெயில் வர்றாளா?

— முன்வரிசை கேட்டிருக்காங்க. படம் முடிஞ்சதும் தன் அனுபவத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணுமாம்.

— பேசட்டும். ஜோஸி போஸ்டரை வாசல்லதானே மாட்டப் போறோம்?

— ஆமா. ஏன்?

— பக்கத்துல இதுக்கும் இடம் விடு.

— வேண்டாங்க. அந்தப் பொண்ணு உடைஞ்சு போயிடுவா.

— முடிவை யாரும் நம்பலன்னு வருத்தப்பட்டாளே. நம்புற மாதிரி ஒண்ணு கிடைக்கும்.

— நான் மாட்ட மாட்டேன்.

— நீ மாட்டாதே. அந்தக் குண்டூசி டப்பாவை மட்டும் இந்தப் பக்கம் தள்ளு.

— டேப்பே இருக்கே.

— டேப் வேணாம். கிழிஞ்ச மூலையை மறைச்சிடும்.