வெளுத்த காவி

கடைகளில் காவி என்று விற்பது பெரும்பாலும் ஆரஞ்சுதான். இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பிம்பிரியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு டின்னுக்கும் அடுத்த டின்னுக்கும் நிறம் இம்மி மாறினாலும் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி வைத்துவிட முடியுமா?

இன்ஸ்பெக்டர் சாஹேப், நான் இங்கே வந்தது ஒரு புகார் கொடுக்கத்தான். கட்கியில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர் லூர்துசாமி. மொட்டைமாடியில் அவருடைய கம்பத்தில் பறந்த தேசியக் கொடியை இறக்கி, நேற்று அவருடைய சவப்பெட்டி மேல் போர்த்தினார்கள். அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ராணுவ வீரர் அல்ல. அவருக்கு அப்படிப் போர்த்துவது விதிப்படி தவறு. எடுத்துச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. கொடி யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையது என்றேன். உங்கள் கொடி அவர் கம்பத்துக்கு எப்படி வந்தது என்று அடுத்துக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மராத்தியில் சொன்னால் என் பேச்சு நொண்டும், அதனால் தமிழில் எழுதித் தருகிறேன்.

லூர்துசாமியின் ஒரே மகன் அருண்ராஜ் கார்கிலில் இறந்தவன். அவனுடைய பெட்டி மேல் போர்த்தி வந்த கொடியை ராணுவத்தார் மடித்து அப்பாவின் கையில் கொடுத்தார்கள். அது டிரங்குப் பெட்டியில் இருந்தது. போன வருஷம் ஜனவரியில், பொதுமக்களும் எல்லா நாளும் வீட்டில் கொடி ஏற்றலாம் என்று சட்டம் மாறியது. உடனே மொட்டைமாடியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு அதை ஏற்றிவிட்டார். காலையில் ஏற்றுவார், பொழுது சாய்வதற்குள் இறக்குவார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு கோடை, இரண்டு மழைக்காலம். காவி, பழைய செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. பச்சை, ஊறவைத்த பயறு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைப் பட்டையில் மஞ்சளாக ஒரு கறை வேறு. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"லூர்துசாமி, கொடி வெளுத்துப்போச்சு. இதைப் பறக்க விடப்படாது. மாத்திடுங்கோ."

"தெரியுது சார். எம் புள்ள மேல போத்தியிருந்ததாச்சே."

"கறை வேற இருக்கு."

"கறை இல்ல சார் அது. மாலையில இருந்த மஞ்சக் கேந்தாப் பூ ஒட்டிக்கினது. பவுனு அத்தத் தொவைக்கவே வுட மாட்டா."

பவுன் அவர் மனைவி. தினமும் கொடியின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். 'தெரியுது' என்றாரே, அதுதான் எனக்கு உறுத்தியது. தெரியாமல் செய்பவனைத் திருத்தலாம். குறை தெரிந்தே சரக்கை வெளியே விடுகிறவனை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். நான் கொடியை இறக்கினேன். வெளுத்த கொடியைத் தனியிடத்தில், மரியாதையாக, முழுவதுமாக அழிக்க வேண்டும், எரிப்பது உத்தமம் என்று விதி இருக்கிறது. என் மனைவி ஆனந்தவல்லி காலமான பிறகு என் வீட்டில் நான் ஒருவன்தான், தனியிடத்துக்குப் பஞ்சமில்லை. குளியலறையைக் கழுவிவிட்டு அங்கே எரித்தேன். முழுதும் சாம்பலாகும் வரை விறைப்பாக நின்றேன். பிறகு கதர்க் கடையில் பொறுக்கி எடுத்து வாங்கி வைத்திருந்த என் கொடியை அவர் கம்பத்தில் ஏற்றினேன். அண்ணாந்து பார்த்தேன். மனசு நிறைந்திருந்தது.

பவுன் வந்து கொடியைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். "இது அது இல்ல" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லூர்துசாமி என்னிடம் வந்தார். முகமே சரியில்லை.

"சார், பழைய கொடியப் பாத்தீங்களா?"

எரித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். விதிப்படி நான் செய்ததில் தவறில்லை. ஆனால் அவர் அழுவார், அக்கம்பக்கம் கூடும், விதியை யாருக்கென்று விளக்குவது? "காத்துல பறந்துடுத்து போலிருக்கு. வெறுங்கம்பமா நிக்கப்படாதேன்னுதான் என்னோடதை ஏத்தினேன். பின்னாடி ஒர்க்‌ஷாப் கூரையில என்னமோ கிடந்தா மாதிரி இருந்தது" என்றேன்.

அந்த ஒர்க்‌ஷாப் மூடிப் பல வருஷம் ஆகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழையில் பாசி பிடித்துக் கிடந்தது. பந்து விழுந்தால்கூட யாரும் அதில் கால் வைக்கக் கூடாது, பூனை நடந்தாலே நொறுங்கும் என்று கட்டடக் கூட்டத்தில் எச்சரித்தவனே நான்தான். ஏணி என் வீட்டில் இருந்தது. நானே கொண்டுவந்து மொட்டைமாடிச் சுவரிலிருந்து கூரைக்கு இறக்கினேன்.

"புடிச்சிக்குங்க சார்" என்றார். பிடித்துக்கொண்டேன். ஏணி அசையவே இல்லை.

சுவரை ஒட்டியிருந்த ஓரத்தில், அடியில் இரும்புச் சட்டம் இருந்த இடத்தில்தான் முதலில் நின்றார். அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திரும்பிப் பார்த்து, "இன்னும் தள்ளியா சார்?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

கூரையில் கொடி இல்லை என்று எனக்குத் தெரியும். அது தாங்காது என்றும் தெரியும். உள்ளே துருப்பிடித்த இயந்திரங்கள் இருந்ததும் தெரியும். இதில் எதையும் மறைக்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் பவுன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் ஏணிய வுடாம புடிச்சிக்கினு இருந்தீங்களே சார்" என்று அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன்.

விரோதம் உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. தினமும் கொடியை ஏற்றிவிட்டு லூர்துசாமி அதனோடு பேசுவார். முட்டிவலி, மழை, பவுன் வைத்த மீன்குழம்பு, எல்லாம் சொல்வார். "வரேண்டா அருணு" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். கம்பத்துக்கு நேர் கீழே என் படுக்கையறை ஜன்னல். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், ஷ்ரேயஸ், நியூ ஜெர்சியில். அம்மாவின் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை அவனுக்கு. போன் போட்டால் மெஷின்தான் பேசும். அதனிடம் நான் என்ன சொல்வது? போன மாதம் ஒரு புகைப்படம் மட்டும் அனுப்பியிருந்தான். அந்த நாட்டுப் பிரஜை ஆகிவிட்டானாம், வீட்டு வாசலில் அவர்கள் கொடியை ஏற்றியிருக்கிறான். அதற்கும் இந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நான் செய்தது நிறத்துக்காக மட்டுமே. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. என் வளர்ப்பு வீண்போகவில்லை.